பாண் வண்டிக்கு ஒரு மெட்டு

நான் முதன்முதலாகச் செய்த இசையைக் கேட்டுச் சனங்கள் பிச்சை போட்டார்கள். கூட்டிச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். ஒரு வீட்டில் பேரீச்சம்பழம் தந்தார்கள். ஒரு வீட்டில் சுண்டு நிறைய அரிசி தந்தார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பெண் ஐம்பது ரூபா நோட்டைக் கையில் வைத்து, மகனின் பரீட்சைக்குத் துஆச் செய்யச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றவர் என் கணவர். அவர் போனது பேக்கரிப் பாண் விற்க.

இதை விளங்கப்படுத்துவதென்றால் எங்கள் வீட்டுக் கணினியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சண்டை முடிந்த பிறகு எங்கள் சொந்தக்காரரில் கொஞ்சப் பேர் மன்னாருக்குத் திரும்பிப் போனார்கள். நாங்கள் தில்லையடியிலேயே நின்றுவிட்டோம். மன்னாரிலிருந்து எங்கள் சனத்தை விரட்டியபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தபடி வந்திறங்கிய இடம் இது, எனக்குத் தெரிந்த ஊரும் இதுதான். கணவர் அப்போது கத்தாரில் இருந்தார். கல்யாணம் முடித்து ஏழாம் மாதம் போனவர். மகள் பிறந்தபோது அவர் அங்கே. அவள் நடக்கப் பழகியபோதும் அங்கே. பிள்ளையின் முகத்தையாவது பார்க்கட்டும் என்று பழைய கணினி ஒன்றை வாங்கி, அலுமாரிக்கும் யன்னலுக்கும் நடுவில் வைத்தோம். யன்னல் திரைக்கு வெட்டிய துணியில் மிஞ்சியதை எடுத்து, ஓரத்தில் சுருக்கு வைத்து அதற்கு ஓர் உறை தைத்தேன். எங்கள் பக்கத்தில் தையல் மெசினுக்கும் தொலைக்காட்சிக்கும் சட்டை போடாத வீடு கிடையாது, கணினி மட்டும் என்ன பாவம் செய்தது? உறை போட்டும் களப்புக் காற்று விடவில்லை. பெட்டியின் பின்பக்க ஆணிகள் ஆறே மாதத்தில் துருப்பிடித்தன.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. நாங்கள் உடுத்திக்கொண்டு கணினிக்கு முன்னால் இருப்போம். "ஹலோ, கேக்குதா?" என்பார் அவர். "கேக்குது, படம்தான் வருகுதில்ல" என்பேன் நான். படம் வந்தால் சத்தம் போய்விடும். சத்தம் வந்தால் அவர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்பார். ஆறு வருடக் குடும்ப வாழ்க்கையில் பெரும்பங்கு இந்த இரண்டு வசனங்களில்தான் போனது. லைன் அறுந்தால் திரும்ப வரும்வரை எழும்பவும் மனம் வராது, சும்மா இருக்கவும் முடியாது. அப்படி இருந்த ஒரு நாளில்தான் அந்த இசை செய்யும் மென்பொருளைத் திறந்தேன்.

பெண்களுக்கென்று நடத்திய கணினி வகுப்பு ஒன்றுக்கு நான் போயிருந்தேன். கடிதம் அடிக்கவும் அட்டவணை போடவும் அங்கே பழக்கினார்கள். வகுப்பு முடிந்த நாளில் பற்பல மென்பொருள்கள் நிறைந்த ஒரு டிஸ்க்கை எல்லோருக்கும் தந்தார்கள். அதில் இதுவும் கிடந்தது. திரை முழுவதும் கட்டங்கள். மேலே உள்ள கட்டத்தில் செங்கல்போல இருந்த ஒரு துண்டை வைத்தால் கீச்சுச் சத்தம், கீழே வைத்தால் கனத்த சத்தம், நீளமாக இழுத்தால் நீண்ட சத்தம். எங்கள் வீட்டில் எந்த வாத்தியமும் இருந்ததில்லை. ராகம், தாளம் என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் செங்கல் அடுக்க யாருக்குத்தான் தெரியாது? முதல் மாதம் முழுவதும் குசினிச் சட்டிகள் உருளுவதுபோல ஒரு சத்தம்தான் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து மாமி எட்டிப் பார்த்து, "இந்தப் பெட்டிக்கு என்ன வருத்தம்? ஆருக்கும் காட்டினீங்களா?" என்று கேட்டார். நான் விடவில்லை. அவர் முகம் திரையில் உறைந்து நிற்கும் நேரங்களில் அந்தச் செங்கற்கள்தான் எனக்குத் துணை.

பிறகு அவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, முழங்காலும் தேய்ந்துவிட்டது. கையில் இருந்ததைக் கொண்டு ஒரு பழைய ஓட்டோவை வாங்கினார். பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி பொருத்தி, பேக்கரியில் பாணும் பணிசும் மீன் அடைத்த மாலுபாணும் எடுத்துக்கொண்டு காலையும் பின்னேரமும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போகத் தொடங்கினார். சூன் பாண் என்று ஊரெல்லாம் சொல்கிற அந்தத் தொழில்தான். வண்டியில் பாடும் மெட்டு கேட்டதும் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசல் படலைக்கு வருவார்கள், வாங்குவார்கள், போவார்கள்.

வில்லங்கம் என்னவென்றால், எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு வண்டிகள் ஓடின. மூன்று வண்டிக்கும் ஒரே மெட்டு. டவுனில் ஒரே கடையில் வாங்கிய ஒரே பெட்டி அது, எல்லோருக்கும் ஒன்றையேதான் பாடியது. மெட்டு கேட்டு வெளியே வரும் பெண்ணுக்கு எந்த வண்டி என்று தெரியாது. எது முதலில் வருகிறதோ அதில் வாங்குவாள். என் கணவர் விறகுப் போறணையில் சுட்ட பாணைத்தான் எடுத்தார், மற்றவர்களுடையதை விட நல்ல பாண். நல்ல பாண் என்று தெரிவதற்கு அதை ஒரு தடவையாவது வாங்க வேண்டுமே. முழங்கால் வலிக்காரர் எப்படி முந்துவார்? மிஞ்சிய பாணை நாங்கள் மூன்று நேரமும் தின்றோம். மகள் ஒரு நாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "உம்மா, வாப்பா சோறு விக்கிற வண்டி வாங்கி இருந்தா நல்லம்" என்றாள்.

நோன்புக்குக் கொஞ்சம் முன்னால், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டு போனில் கதைத்தார். கத்தாரில் ஒரு கம்பனிக்குச் சாரதி தேவையாம், தெரிந்த ஆள் என்பதால் இடம் பிடித்து வைத்திருக்கிறாராம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் பாஸ்போட்டைக் கொடுத்தால் போதும். கணவர் போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அதுவரைக்கும் பாப்பம். பாண் சரிவராட்டி நான் போறன்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மின்சாரக் கட்டணக்காரரோடும், மீன்காரரோடும், பிள்ளையின் பள்ளிக்கூட அதிபரோடும் வாயடித்து வென்றவள். ஆனால் "போக வேணாம்" என்ற இரண்டு சொல் மட்டும் என் வாயில் வராது. அவர் முதல் தடவை போனபோதும் மாசிக் கருவாடும் மிளகாய்த்தூளும் பொதி செய்து பெட்டியில் அடுக்கினேனே தவிர, ஒரு சொல் சொல்லவில்லை. உழைக்கப் புறப்படுகிற மனிசனை மறிக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம். மறித்து நிறுத்தி, பிறகு தொழில் படுத்துவிட்டால் அந்தப் பழி மறித்தவள் தலையில்தான் விழும். ஆகவே வாயால் சொல்ல முடியாததைக் கணினியால் செய்யப் பார்த்தேன். அவருடைய வண்டிக்கென்று தனியாக ஒரு மெட்டுச் செய்துவிட்டால் சனம் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும் என்று கணக்குப் போட்டேன்.

நோன்பு மாதம் முழுவதும் பகலில் வேலை முடிந்ததும் உறையைக் கழற்றிவிட்டு இருப்பேன். தாளம் ஒன்று எங்கிருந்தோ தானாக வந்து கையில் விழுந்தது. டும் டும், டக. டும் டும், டக. அதன் மேல் இரண்டு மூன்று சுரத்தை ஏற்றினேன். கேட்கக் கேட்கத் தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல ஒரு சந்தோஷம். எனக்கு இவ்வளவு திறமையா என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் காலையில் வண்டியில் பொருத்தி அனுப்பினேன்.

அது எங்கிருந்து வந்த தாளம் என்பது அவர் அரிசியும் பேரீச்சம்பழமுமாகத் திரும்பி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நோன்பு மாதத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்புவதற்காக றபான் மேளத்தை அடித்துக்கொண்டு ஒழுங்கைகளில் நடப்பாரே பாவா, அவருடைய அடி. முப்பது நாளும் அரைத் தூக்கத்தில் கேட்டதைத்தான் நான் என் சொந்தச் சரக்கு என்று எண்ணிக் கட்டத்தில் அடுக்கியிருக்கிறேன். பெருநாளுக்குப் பிறகு அந்தப் பாவா அதே றபானை அடித்தபடி வீடு வீடாக வருவார், சனங்கள் தங்களால் ஆனதைக் கொடுப்பார்கள். அதே நாட்களில் அதே தாளம் ஒழுங்கையில் கேட்டால் யார் பாண் வாங்குவார்கள்?

"ஒரு வீட்டுக்காரர் சொல்றாரு, பாவா இந்த வருஷம் ஓட்டோ எடுத்திட்டாரு போலன்டு," என்றார் கணவர். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீங்க பாணுன்டு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல விட்டாத்தானே! கையில வெச்சிட்டு ஸலாம் சொல்லிட்டுப் போறாங்க. தாறதத் தடுத்தா ஸதகாவ மறுத்த பாவம் எனக்கு."

பிறகு அவர் அரிசிப் பையைக் கணினி மேசையில் வைத்து, "இந்தா, உன்ட பாட்டுக்குக் கிடைச்சது" என்றார். அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. எனக்கும் வந்துவிட்டது. இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அவர் திரும்பி வந்த பிறகு நாங்கள் ஒன்றாக அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். எல்லாவற்றையும், இரண்டு பாணும் சேர்த்து, அன்றே பாவாவின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். பாவா கோபிக்கவில்லை. தாளத்தில் ஓர் அடி பிழை என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம்.

அடுத்த மெட்டு காதுக்குள் ஹெட்போனில் தேனாக இருந்தது, வண்டியில் போட்டதும் நுளம்புச் சத்தமாகிவிட்டது. தகரக் குழல் ஒலிபெருக்கி கனத்த சுரங்களைத் தின்றுவிடுகிறது, மிச்சத்தை எஞ்சின் தின்றுவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க நாங்கள் வீட்டுக்கு முன்னால் களப்புப் பக்கத்து வெட்டைவெளியில் சோதனை வைத்தோம். நான் படலையில் போனோடு நிற்பேன். அவர் வண்டியைத் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தி மெட்டைப் போட்டுவிட்டு எனக்குக் கோல் எடுப்பார்.

"ஹலோ, கேக்குதா?"

"கேக்குதில்ல. காத்து மத்தப் பக்கம் அடிக்குது."

"இப்ப?"

"இப்ப கேக்குது. ஆனா ஆடு கத்துற மாதிரி இரிக்கி."

அரை மைல் தூரத்தில் வெயிலில் சின்னதாகத் தெரிந்த அந்த மனிசனைப் பார்த்தபடி அதே பழைய வசனத்தைச் சொல்லிக்கொண்டு நின்றேன். இந்தத் தூரம் எனக்குப் போதும் என்று நினைத்தேன். இதை விடக் கூட வேண்டாம்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரும் வண்டியை மறித்து நல்லவிதமாகக் கதைத்தார். பாங்கு சொல்லும் நேரம் நிறுத்திவிட வேண்டும், சினிமாப் பாட்டு வேண்டாம், பாவாவுடைய அடியும் இனி வேண்டாம். ஞாயமான கதைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் மூன்று பள்ளிகள், மூன்றிலும் பாங்கு கொஞ்சம் முன்பின்னாகத் தொடங்கும். ஆகவே எந்த இடத்தில் நிறுத்தினாலும் கழுத்தை நெரித்ததுபோல ஒலிக்காத மெட்டு வேண்டும். குட்டியாக, உயர்ந்த சுரத்தில், யாருடைய பாட்டையும் ஞாபகப்படுத்தாததாக இருக்க வேண்டும். இரண்டு கிழமை மண்டையை உடைத்தேன், ஒன்றும் வரவில்லை.

வந்தது குசினியில். பின்னேரம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். படலையில் விளையாடிக்கொண்டிருந்த மகள், வாப்பாவின் வண்டி திரும்புவதைக் கண்டதும் என்னைப் பார்த்துக் கத்தினாள்: "உம்மா... வாப்பா வந்திட்டாரு...!" தினமும் கத்துகிறவள்தான். அன்றுதான் அது ஏறுவதும் இறங்குவதும் என் காதில் விழுந்தது. உம்மாவில் மேலே போய் நீளும், வாப்பாவில் இறங்கும், வந்திட்டாருவில் படிப்படியாக ஏறிக் கடைசியில் இழுபடும். மீன் செதிள் ஒட்டிய கையோடு ஓடிப்போய் உறையை இழுத்தேன்.

ஓடிப்போனதோடு முடியவில்லை. அந்த ஏற்ற இறக்கம் அதற்குள் பாதி மறந்துவிட்டது. மகளைக் கூப்பிட்டு இன்னொரு தரம் கத்தச் சொன்னேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். கேட்டால் வராது அது. ஆகவே கணினியின் மைக்கை யன்னல் கம்பிக்கு வெளியே தொங்கவிட்டு, நாலு பின்னேரம் அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்தேன். ஆட்டின் சத்தமும் வந்தது, மாமி யாரையோ ஏசுவதும் வந்தது, அவற்றின் நடுவே என் பிள்ளையின் குரலும் வந்தது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு செங்கல் வைத்தேன். சொல் இல்லை, குரலும் இல்லை, மணிபோல ஒரு சத்தம் மட்டும். முடிவில், குசினியிலிருந்து படலைக்கு நடந்து வரும் நேரத்துக்கு ஓர் இடைவெளி விட்டேன்.

"நல்லாரிக்கி. எங்கேருந்து எடுத்த?" என்று கணவர் கேட்டார்.

"சும்மா வந்திச்சு," என்றேன்.

முதல் கிழமை வியாபாரம் இன்னும் விழுந்தது. என் புத்தியில் ஏறாத விசயம் இது: புது மெட்டு கேட்டால் அது பாண் என்று சனத்துக்கு எப்படித் தெரியும்? ஐஸ்கிறீம் என்று எண்ணிச் சிறுவர்கள் வந்து ஏமாந்து போனார்கள். ஒருவர் பழைய இரும்பு கொண்டுவந்து நிறுக்கச் சொன்னாராம். எனக்கு அழுகை வந்தது. ஏஜென்டு சொன்ன கெடுவுக்கு ஒரு மாதம்கூட இல்லை, நான் இருந்ததையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பழைய பெட்டியையே பூட்டுங்கள் என்று சொன்னேன். அவர்தான் மாட்டேன் என்றார். "சனம் பழகட்டும்," என்றார். கத்தாரில் ஆறு வருடம் இருந்த மனிசனுக்குப் பொறுமையைப் பற்றி நான் என்ன சொல்வது?

சனம் பழகியது. மெட்டுக்கு முதலில் சொல் போட்டவர்கள் பிள்ளைகள்தான், ஒழுங்கைக்கு ஒரு சொல். எங்கள் மகள் படலையில் நின்று அதே மெட்டுக்கு, "உம்மா வாப்பா வந்திட்டாரு" என்று பாடினாள், தானே கண்டுபிடித்த பாட்டு என்று நினைத்துக்கொண்டு. கணவர் வண்டியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் மீனின் நடுத்துண்டை என் கோப்பையில் வைத்தார்.

அதற்குப் பிறகு பெண்கள் மற்ற வண்டிகளை விட்டுவிட்டு இந்த மெட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். பாண் முடிந்தால் அவர் சத்தத்தை நிறுத்திவிடுவார். நாளுக்கு நாள் மெட்டு இன்னும் முன்னதாக, வேளைக்கே நின்றது. குசினியில் நின்றபடி அவர் எந்த ஒழுங்கையில் இருக்கிறார் என்று என்னால் சொல்ல முடிந்தது. வெங்காயம் வெட்டுவேன், இப்போது ஆலமரத்தடி என்பேன். அரிசி களைவேன், இப்போது பெரிய பள்ளிக்குப் பின்னால் என்பேன். இந்த வேலையை விட எனக்குப் பிடித்த வேலை ஒன்று அந்த நாட்களில் இருக்கவில்லை.

ஏஜென்டு சொன்ன நாளில் அஸர் தொழுதுவிட்டு வந்தார். நல்ல பிள்ளை, சொந்த அக்கா அண்ணன்போல என்னை ராத்தா என்றும் அவரை நானா என்றும்தான் கூப்பிடுவார். கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். கணவர் வந்தார். கண்ணாடிப் பெட்டியில் ஒரு பணிஸ்கூட மிச்சமில்லை. முகம் கழுவி, துவாயால் துடைத்துக்கொண்டு வந்து இருந்தார்.

"நானா, பாஸ்போட்ட எடுங்க. இன்டைக்கு விட்டா இந்த இடம் வேற ஆளுக்குப் போயிரும்," என்றார் ஏஜென்டு. "பாண் இன்டைக்கு விக்கும், நாளைக்கு விக்காது. இது மாசச் சம்பளம்."

அவர் சொன்னது பொய்யில்லை. நானும் மறுக்கவில்லை. பாஸ்போட் அலுமாரியில் இருந்தது, அலுமாரியின் திறப்புச் சாவி என் கையில் இருந்தது. கணவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்ற?"

முழங்கால் வலி, பிள்ளையின் படிப்பு, கூடிவரும் வியாபாரம் என்று சொல்வதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இரண்டு சொல்தான்.

"போக வேணாம்," என்றேன். தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டுவிட்டேன் போல, முற்றத்தில் நின்ற மகள் திரும்பிப் பார்த்தாள்.

ஏஜென்டு தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"முதல் தடவ நீ பெட்டி கட்டக்குள்ள, இதச் சொல்லுவியா சொல்லுவியான்டு நான் வாசல்லயே நின்டன்," என்றார். "சொல்லி இருந்தா அன்டைக்கே போயிருக்க மாட்டன்."